‘சாதியெல்லாம் இப்ப யாரு பாக்குறா?’ – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு வயது 24. திருநெல்வேலி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையோரம் ஒரு ஊர், வேலை சென்னையில். கோயில் கொடைக்கு ஊருக்குப் போனாலும், கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும், தம்பி முறைப் பையன்கள் ராத்திரி பதினொரு மணிக்கு போன் பண்ணினாலும், பேச்சு கடைசியில் சாதியில்தான் வந்து நிற்கிறது. கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. ஒவ்வொரு தடவையும் கோபத்தில் பாதியைச் சொல்லி, பாதியை விழுங்கிவிட்டு, அப்புறம் தூக்கம் வராமல் புரண்டிருக்கிறேன். அதனால் நிதானமாக உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

முதலில் ஒன்று சொல்லு. நீ எந்தப் பக்கம்?

நான் பிறந்தது கையில் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு அதிகாரம் காட்டுகிற பக்கத்தில். எங்கள் ஊரில் நிலமும் ஆள்பலமும் உள்ள சாதி. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பாதிப் பேர் அதைப் பார்த்ததுமே ‘நம்மாளு’ என்றோ ‘அவனுங்களா’ என்றோ முடிவு கட்டிவிடுவார்கள்; மீதியைப் படிக்க மாட்டார்கள். இவ்வளவு தெரிந்தால் போதும்: சாதியால் நான் அடிபட்டவன் இல்லை. அடிக்கிற கூட்டத்தின் ஓரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றவன். என் கோபத்தில் ஒரு பங்கு என் மேலேயே இருக்கிறது.

சாதியெல்லாம் இப்போது யார் பார்க்கிறார்கள்? அது தாத்தா காலத்தோடு போய்விட்டதே?

இந்தக் கேள்வியைத்தான் நான் அதிகமாகக் கேட்டிருக்கிறேன். கேட்கிறவர் பெரும்பாலும் எங்கள் தெருக்காரர். சாதி தன்னைத் தடுக்காத இடத்தில் வாழ்பவருக்கு அது கண்ணில் படாது. அவர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. அவர் மேல் எதுவும் இடித்ததில்லை, அவ்வளவுதான்.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. குழந்தைகளுக்கு உடம்பு முடியாமல் போன பிறகுதான் தொட்டிமேல் ஏறிப் பார்த்தார்கள். விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியர் அந்தப் பகுதி டீக்கடையில் இரட்டை டம்ளர், அதாவது தலித் மக்களுக்கென்று தனி டம்ளர், வைத்திருந்ததையும், கோயிலுக்குள் தலித் மக்களை விடாமல் வைத்திருந்ததையும் கண்டுபிடித்தார். இரண்டு வருடம் கழித்து, 2025 ஜனவரியில் மாநிலக் குற்றப் புலனாய்வுப் போலீஸான சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை, பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மூன்று பேர் மேலேயே குற்றம் சாட்டியது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. தண்ணீரில் அசிங்கம் கலந்தது யார் என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். ஆனால் அந்த டம்ளர்களை யார் வைத்தார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லையே?

சரி, அது கிராமம் என்பீர்கள். சென்னையில் வாடகைக்கு வீடு தேடிப் பாருங்கள். “தம்பி எந்த ஊரு? அங்க எந்தத் தெரு? குலதெய்வம் எது?” பெயரைக் கேட்பதற்கு முன்னால் இந்த மூன்றும் வந்துவிடும். நான்காவதாக “கவிச்சி சமைப்பீங்களா?” என்று கேட்பார்கள். முதல் மூன்றுக்கும் நான் பதில் சொன்னதும் எனக்கு வீடு கிடைத்தது. அதே தெருவில், என்னோடு ஒரே கம்பெனியில் ஒரே சம்பளம் வாங்குகிற நண்பனுக்கு, “இப்பத்தான் வேற ஆளு அட்வான்ஸ் குடுத்துட்டாங்க” என்ற பதில் மூன்று வீட்டில் கிடைத்தது.

கையில் கயிறு கட்டினால் என்ன தப்பு? சாமிக் கயிறுதானே?

சாமிக் கயிறு எங்கள் ஆச்சியும் கட்டியிருந்தாள். கோயிலில் பூசாரி கட்டிவிட்ட கறுப்புக் கயிறு. நைந்து அறுந்து விழுகிற வரைக்கும் கையில் கிடக்கும். நான் சொல்வது அதை இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு சாதிக்கு ஒரு நிறம், இன்னொரு சாதிக்கு இன்னொரு நிறம் என்று கட்டுகிறார்களே, அதை. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று நிறத்தைப் பெயர் சொல்லியே, இதைத் தடுக்க வேண்டும் என்று 2019-இல் பள்ளிக் கல்வித் துறையிலிருந்து சுற்றறிக்கை போனது. அதற்கு எதிர்ப்பு கிளம்பியதும் விஷயம் அமுங்கிப் போனது. அப்போது நான் பள்ளியில்தான் இருந்தேன். எங்கள் பள்ளியில் ஒரு கயிறுகூடக் கழற்றப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

நான் கட்டியது அதற்கும் முன்னால், ஒன்பதாம் வகுப்பில். பஸ்ஸில் பிளஸ் டூ அண்ணன் ஒருத்தர் கூப்பிட்டு, “நீ நம்மாளுதானல, கை ஏன் வெறுங்கையா கெடக்கு?” என்று கேட்டு, அவரே கட்டிவிட்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பெரிய பையன்கள் என்னையும் ஒரு ஆளாக மதித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிற பையனோடு ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவன் கொண்டுவரும் புளிச்சோறை நானும், என் வீட்டு இட்லியை அவனும் தின்றிருக்கிறோம். அன்றைக்கு அவன் என் கையைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் நான் வருவதற்கு முன்பே பையை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போயிருந்தான். நானும் ‘ஏன்ல’ என்று கேட்கவில்லை, ஏனென்று எனக்குத் தெரியும்.

அந்தக் கயிறு ஒரு அடையாள அட்டை. சண்டை வந்தால் யாரை அடிக்க வேண்டும், யாரை விட வேண்டும் என்று கூட்டத்தில் தூரத்திலிருந்தே தெரிந்துகொள்வதற்காகக் கட்டுவது. அதைச் சாமியின் பெயரால் நியாயப்படுத்துவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பையன்கள் சண்டைதானே? பெரியவர்கள் ஏன் இதைப் பெரிதாக்குகிறீர்கள்?

2023 ஆகஸ்ட் 9 ராத்திரி, எங்கள் மாவட்டத்து நாங்குநேரியில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த தலித் மாணவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று அவன் பள்ளியில் சொன்னான், அதுதான் அவன் செய்த காரியம். மாதக்கணக்கில் சிகிச்சையில் இருந்து எழுந்து, அடுத்த வருடம் பொதுத்தேர்வு எழுதி, 600-க்கு 469 எடுத்தான். அந்த மதிப்பெண்ணைப் பார்த்து ஊரே பாராட்டியது, நானும் அழுதேன். ஆனால் ஒரு பதினேழு வயதுப் பையன் படிப்பதற்கு ஏன் இவ்வளவு வீரம் தேவைப்படுகிறது?

எங்கள் பக்கத்து வீடுகளில் அந்த வாரம் எப்படிப் பேசினார்கள் என்பது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. “செஞ்சது தப்புதான், ஆனா…” அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு வந்ததை எழுத எனக்கு மனம் இல்லை. வெட்டிய பையன்களும் குழந்தைகள்தான், அவர்களுடைய வாழ்க்கையும் போயிற்று. அவர்களுக்கு அரிவாள் எங்கே கிடைக்கும் என்பது தெரிந்திருந்தது. அந்தத் துணிச்சலை வீட்டுக்குள்ளும் தெருவிலும் அவர்களுக்குக் கொடுத்தவர்கள் பெரியவர்கள். அதனால்தான் இதைப் பையன்கள் சண்டை என்று சொல்லவிடக் கூடாது என்கிறேன்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லையா?

நாங்குநேரிக்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டார்கள். 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதிப் பெயரை எடுப்பது, கயிறு, மோதிரம், நெற்றிக் குறி போன்றவற்றை அனுமதிக்காமல் இருப்பது, அகரவரிசைப்படி மாணவர்களை உட்காரவைப்பது, வகுப்பில் யாருடைய சாதியையும் ஆசிரியர் வெளிப்படையாகச் சொல்லக் கூடாது என்பது, ஒரு வட்டாரத்தில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரையே அங்கே கல்வி அதிகாரியாகப் போடாமல் இருப்பது என்று நிறையப் பரிந்துரைகள்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அகரவரிசைதான். சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் பெஞ்சை யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் என் ஒன்பதாம் வகுப்பு உடைந்தது. எங்கள் வகுப்பில் ஒரு ஆசிரியர் பட்டியலைப் பார்த்து உட்காரவைத்திருந்தால், அவன் எழுந்து போயிருக்க முடியாது. நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்க முடியாது.

இடஒதுக்கீடு இருக்கிற வரைக்கும் சாதி ஒழியாது, இல்லையா?

சாதிக்கு வயது நூற்றாண்டுக் கணக்கில். இடஒதுக்கீடு நேற்று வந்தது. சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சியில் அரசு வேலைகளைச் சமூகவாரியாகப் பங்கிடச் சொல்லும் முதல் வகுப்புவாரி ஆணை வந்தது 1921-இல். 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில், கல்லூரி இடங்களை அப்படிப் பங்கிட்ட ஆணையை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. தமிழ்நாட்டில் கிளம்பிய போராட்டமும் சேர்ந்து அதே ஆண்டில், இடஒதுக்கீட்டுக்கு வழிவிடும் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. நோய் வந்து பல காலம் கழித்து வந்த மருந்தைப் பார்த்து, இதனால்தான் நோய் என்று சொல்வது எப்படிச் சரியாகும்?

இதைக் கேட்கிறவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீடு எப்படிப் பிரிகிறது என்பதே தெரியாது. பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 15, அவர்களிலேயே அருந்ததியருக்குத் தனியாக 3, பழங்குடியினருக்கு 1. கூட்டிப் பாருங்கள். 69-இல் 50 பிற்படுத்தப்பட்டவர்களுக்கும் மிகப் பிற்படுத்தப்பட்டவர்களுக்கும் போகிறது. அதாவது, கல்யாணப் பந்தியில் “கோட்டாவால நாடே போச்சு” என்று சொல்கிறவரே பெரும்பாலும் கோட்டாவில் வந்தவர்.

என் சித்தப்பா அப்படித்தான். பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் படித்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அவர் சம்பாத்தியத்தில்தான் என் அப்பாவின் கடனும் அடைந்தது. போன தீபாவளிக்கு இதே பேச்சு வந்தபோது, “சித்தப்பா, உங்க சீட்டு எந்த லிஸ்ட்ல வந்தது?” என்று கேட்டேன். “அது வேற, இது வேற” என்றார். எது வேறு என்று இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை என் முன்னால் எடுப்பதில்லை. அவரை மட்டம் தட்ட நான் அதைக் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தைத் தூக்கிவிட்ட ஏணியை அவர் அடுத்த வீட்டுக்காரனிடமிருந்து பிடுங்கப் பார்க்கிறாரே என்ற வருத்தத்தில் கேட்டேன்.

இதில் நியாயமான ஒரு கேள்வியும் உண்டு: ஒரே பட்டியலுக்குள் கொஞ்சம் முன்னேறியவர்களே எல்லா இடத்தையும் எடுத்துக்கொண்டால், கடைசியில் நிற்பவர் என்ன செய்வார்? அதற்குத்தான் 2009-இல் அருந்ததியருக்குத் தமிழ்நாடு 3 சதவீதம் உள் ஒதுக்கீடு கொடுத்தது. இப்படிப் பிரிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. உண்மையான அக்கறை இருப்பவர் இந்த வழியில் பேசுவார். எல்லாவற்றையும் எடு என்று பேச மாட்டார்.

எல்லோரும் சான்றிதழில் சாதியை எடுத்துவிட்டால்?

எடுக்கலாம். பள்ளிச் சேர்க்கையில் சாதி, மதம் குறிப்பிடாமல் விடத் தமிழ்நாட்டில் 1973-லிருந்தே அரசாணை இருக்கிறது. 2019-இல் திருப்பத்தூரைச் சேர்ந்த ஒரு பெண் வழக்கறிஞர் ‘சாதி மதம் அற்றவர்’ என்று சான்றிதழே வாங்கினார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எங்கள் ஊர்க் கொடைக்குச் சாதிப் பெயர் போட்டு பனியன் அச்சடிக்கும் பையன்கள் சான்றிதழைப் பார்த்து அச்சடிப்பதில்லை. காகிதத்திலிருந்து எடுத்துவிட்டு தெருவில் வைத்துக்கொண்டால், காகிதத்தால் பலன் பெறுகிறவருக்குத்தான் நஷ்டம்.

எல்லாக் கட்சியும் சாதி பார்த்துத்தான் வேட்பாளரை நிறுத்துகிறது. அரசியலைப் பேசி என்ன பயன்?

எனக்கும் இந்தச் சலிப்பு வரும். வேட்பாளர் பட்டியல் வந்ததும் டீக்கடையில் முதலில் நடப்பது யார் என்ன சாதி என்ற கணக்குத்தான். ஆனாலும் ஒரு விஷயத்தை நான் மறக்காமல் வைத்திருக்கிறேன். மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகள் 1996-இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டன. பத்து வருடம் அங்கே தேர்தலை நடக்கவிடவில்லை. மதுரை மாவட்டத்திலேயே, அதேபோல் ஒதுக்கப்பட்ட மேலவளவில் தேர்தல் நடந்து, தலித்தான முருகேசன் தலைவரானார். 1997 ஜூனில் அவரையும் கூட இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். அப்படி இருந்தும் 2006-இல் அந்த நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்தது, தலித் தலைவர்கள் பதவியேற்றார்கள். அரசாங்கம் மனது வைத்ததும், அதிகாரிகள் ஊர் ஊராக உட்கார்ந்து பேசியதும்தான் காரணம். அதனால், அரசியலை விட்டு விலகுகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வேறு சாதியில் காதலிக்கிறேன். பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

இதைக் கேட்டது எனக்குத் தங்கை முறை. பெயர், ஊர் எதுவும் வேண்டாம். அவள் பயம் வெறும் கற்பனை என்று என்னால் சொல்ல முடியவில்லை. 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் 27 வயது தலித் மென்பொருள் பொறியாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் நேசித்த பெண்ணின் தம்பியைக் கைது செய்தார்கள். என்னைவிட மூன்று வயதுதான் பெரியவர், என் வேலையைத்தான் பார்த்தார். அந்த வாரம் எனக்கு வேலையே ஓடவில்லை.

அவளிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 முடிந்திருந்தால், சம்மதம் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள் இரண்டு பேர் மட்டுமே. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லி, இப்படிப்பட்ட தம்பதிகளைக் காக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும் என்றும் உத்தரவிட்டது. 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவதென்றால் 30 நாள் முன்னறிவிப்பு அலுவலகத்தில் ஒட்டப்படும். வீட்டுக்குத் தகவல் போவது பல நேரம் அந்த வழியாகத்தான். இருவரும் இந்துக்கள் என்றால் சுயமரியாதைத் திருமணம் இருக்கிறது. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-இல் கொண்டுவந்த திருத்தம். நண்பர்களோ வேறு யாரோ முன்னால் மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ போதும். ஊரைக் கூட்டித்தான் நடத்த வேண்டும் என்று இல்லை என்பதை 2023-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மிரட்டல் இருந்தால் முதலில் பாதுகாப்பு கேட்டு எழுத்தில் மனுக் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். ‘சமாதானம் பேசலாம், வீட்டுக்கு வா’ என்று யார் கூப்பிட்டாலும் தனியாகப் போகாதீர்கள். அம்மாவே கூப்பிட்டாலும்.

ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் கொண்டுவர ஓய்வுபெற்ற நீதிபதி பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக 2025 அக்டோபரில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல சட்டமாக வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘ஆண்ட பரம்பரை’ வீடியோ வருகிறது. சண்டை போடுவதா, வெளியேறுவதா?

நான் இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன். குழுவில் எல்லோர் முன்னாலும் மறுத்தால், மாமாவுக்குத் தன் மானம்தான் பெரிதாகிவிடுகிறது, விஷயம் காணாமல் போகிறது. வெளியேறினால், அம்மாவிடம் நாலு பேர் போன் பண்ணிக் கேட்கிறார்கள். இப்போது தனியாகப் போன் பண்ணுகிறேன். “மாமா, அந்த வீடியோவ தம்பியும் பாக்குறான், அவன் ஸ்கூல்ல எல்லாப் பிள்ளைகளோடயும் படிக்கணும்லா?” என்று பிள்ளையை வைத்துப் பேசினால் கேட்கிறார்கள். பத்தில் மூன்று பேர் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொலைக் குற்றத்தில் சிக்கியவனின் படத்துக்கு ஹார்ட் போட்டவரிடம் மட்டும் நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

உன்னைச் சாதித் துரோகி என்கிறார்களே?

சொல்கிறார்கள். வலிக்கத்தான் செய்கிறது, சொல்கிறவர்கள் என்னைத் தூக்கி வளர்த்தவர்கள்.

பள்ளியிலோ கல்லூரியிலோ கண்ணெதிரே நடந்தால் யாரிடம் சொல்வது?

பள்ளிப் பிள்ளைகள் 14417-க்குக் கூப்பிடலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். 18 வயதுக்குள் யாராக இருந்தாலும் 1098. தலித், பழங்குடி மக்கள் மீதான வன்கொடுமைக்கு 14566. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பலர் முன்னிலையில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதுகூட அதில் குற்றம். கண்ணால் பார்த்தவர் சாட்சி சொல்ல வருவதுதான் பெரிய உதவி. எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் சாட்சி சொன்னால் அந்த வழக்கின் பலமே வேறு.

அந்தப் பெஞ்சு நண்பனிடம் அப்புறம் பேசினாயா?

பேசினேன். ஒன்பது வருடம் கழித்து, போன வருடம். நம்பர் வாங்கி வைத்து இரண்டு மாதம் யோசித்துவிட்டுத்தான் கூப்பிட்டேன். “அன்னைக்கு நான் செஞ்சது தப்பு” என்று சொல்லி முடிப்பதற்குள், “அதெல்லாம் பழசு, விடுல. வேல எப்படிப் போவுது?” என்றான். அவன் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இந்தத் தை மாதம் அவன் அக்கா பிள்ளைக்குக் காது குத்து. கூப்பிட்டான், போனேன். எங்கள் தெருவிலிருந்து அவன் தெருவுக்கு நடந்தால் ஆறு நிமிடம். பதினெட்டு வயது வரைக்கும் அந்த ஊரிலேயே இருந்திருக்கிறேன். ஒரு தடவைகூட அந்த வழியில் நடந்ததில்லை. பந்தியில் உட்காரவைத்து அவன் அம்மா பரிமாறினார்கள். அந்தப் புளிச்சோறு ஞாபகத்தில் அவர்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா எங்கே போயிருந்தாய் என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் பாத்திரத்தை விளக்கிக்கொண்டிருந்தாள்.

“அங்கேயே சாப்பிட்டியா?”

“ஆமாம்மா, சாப்பிட்டேன்.”